தூர்தர்ஷன் ஏன் எப்பவும் ஆளுங்கட்சி பக்கமே நிக்குது? ஆட்சி மாறினா அது மாறுமா?

கேட்ட கேள்வி இதுதான்: "தூர்தர்ஷனும் ஆகாசவாணியும் நம்ம வரிப்பணத்துல ஓடுது, ஆனா செய்தியைப் போட்டா ஆளுங்கட்சி புராணம்தான் வருது. ஆட்சி மாறினா இது சரியாகுமா, பிபிசி மாதிரி ஆக்கினா சரியாகுமா, இல்ல பேசாம மூடிடலாமா?"

முதல் பாதிக்கு பதில் சுலபம், ஆட்சி மாறினா மாறாது. எமர்ஜென்சில இருந்து இப்ப வரைக்கும் டெல்லியில எத்தனையோ கட்சி வந்து போயிடுச்சு, எதிர்க்கட்சியா இருக்கறப்ப எல்லாரும் தன்னாட்சி வேணும்னு கேட்டாங்க, நாற்காலியில உக்காந்ததும் எல்லாரும் அதே கயிறைத்தான் பிடிச்சாங்க. ஆளு யாருங்கறத விட அந்த கயிறு எங்க கட்டியிருக்குங்கறதுதான் விஷயம், அதனால அதையே கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

எமர்ஜென்சில இருந்து தொடங்கறேன், ஏன்னா அங்கதான் இந்த விஷயத்துக்கு கணக்கோட ஆதாரம் இருக்கு. 1975 ஜூன் 26 காலையில இந்திரா காந்தி எமர்ஜென்சிய நாட்டுக்கு அறிவிச்சது ஆல் இந்தியா ரேடியோவுலதான். அடுத்த சில நாள்லயே தகவல் ஒலிபரப்பு அமைச்சரா இருந்த ஐ.கே.குஜ்ராலை மாத்திட்டு வி.சி.சுக்லாவை அந்த இடத்துல வச்சாங்க. கிஷோர் குமார் அரசு சொன்ன நிகழ்ச்சிக்கு ஒத்துழைக்கலன்னு அவர் பாட்டையே ரேடியோவுலயும் டிவியிலயும் நிறுத்தினாங்க. இதெல்லாம் பல பேருக்குத் தெரிஞ்ச கதைதான். எனக்கு இதுல ரொம்ப முக்கியமா படறது பின்னாடி எமர்ஜென்சி அத்துமீறல்கள விசாரிச்ச ஷா கமிஷன் எடுத்துப் போட்ட ஒரு கணக்கு: 1976 டிசம்பர் மாசம் ரேடியோ செய்தியில காங்கிரஸ்காரங்க பேச்சுக்கு 2,207 வரி, எதிர்க்கட்சிகளுக்கு 34 வரி. அந்த 2,207 வரியில பொய் எத்தனைன்னு யாரும் எண்ணிப் பாக்கத் தேவையே இல்ல, ஒவ்வொரு வரியும் உண்மையா இருந்திருந்தா கூட அந்த மாசம் முழுக்க ரேடியோ கேட்டவனுக்கு நாட்டுல எதிர்க்கட்சின்னு ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சிருக்காது. அரசு மீடியாவோட சார்பு பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்யும், யாரைச் சொல்றோம், யாரை விடுறோம், எதை முதல் செய்தியா வைக்கறோம், எதை வானிலைக்கு முன்னாடி ரெண்டு வரியில முடிக்கறோம்னு. பொய் சொன்னா மாட்டிக்கலாம், சொல்லாம விட்டா யாரும் கேக்க மாட்டாங்க.

1977 பிப்ரவரியில டெல்லி ராம்லீலா மைதானத்துல ஜெயப்பிரகாஷ் நாராயணும் ஜகஜீவன் ராமும் பேசற கூட்டம், அன்னிக்கு சாயங்காலம் ஜனங்கள வீட்டுலயே உக்கார வைக்க தூர்தர்ஷன்ல பாபிங்கற ஹிட் இந்திப் படத்தைப் போட்டாங்க. கூட்டம் அப்பவும் நிறைஞ்சுதான் இருந்துச்சு.

ஜனதா அரசு வந்ததும் பத்திரிகையாளர் பி.ஜி.வர்கீஸ் தலைமையில ஒரு கமிட்டி போட்டாங்க. 1978 பிப்ரவரியில அவங்க கொடுத்த ரிப்போர்ட்ட இன்னிக்கு படிச்சாலும் எனக்கு மனசு கனக்கும், ஏன்னா அப்பவே எல்லாத்தையும் யோசிச்சு வச்சிருக்காங்க: ரேடியோவும் டிவியும் அமைச்சகத்துல இருந்து முழுசா பிரிஞ்சு ஒரு தேசிய டிரஸ்டா இருக்கணும், அடுத்து வர்ற அரசு சுலபமா கை வைக்க முடியாதபடி அரசியல் சட்டத்துலயே பாதுகாப்பு வேணும்னு எழுதியிருக்காங்க. ஆனா 1979ல ஜனதா அரசே கொண்டு வந்த மசோதாவுல அந்த பாதுகாப்பு இல்ல, கமிட்டி கேட்டதை நிறைய நீர்த்துப் போக விட்டுட்டாங்க, அதுவும் பாஸ் ஆகறதுக்குள்ள ஆட்சியே கவுந்துடுச்சு. எமர்ஜென்சில ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவங்க கையில அதிகாரம் இருந்தப்பவே இது நடக்கல, இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

1984 அக்டோபர் 31 காலையில இந்திரா காந்தியச் சுட்டாங்க, நாடு முழுக்க ஜனங்க பிபிசி வழியாத்தான் அவங்க இறந்த செய்திய தெரிஞ்சுகிட்டாங்க, மேற்கு வங்கத்துல இருந்த ராஜீவ் காந்தியே அன்னிக்கு டிரான்ஸிஸ்டர்ல பிபிசி கேட்டுத்தான் விஷயத்தை உறுதி பண்ணிக்கிட்டார்னு சொல்வாங்க. நம்ம அரசு ரேடியோவும் டிவியும் அவங்க இறந்துட்டாங்கங்கறத சாயங்காலம் வரைக்கும் சொல்லவே இல்ல. பிரதமரோட மகனே நம்ம ரேடியோவ நம்பி உக்காரல, இதுக்கு மேல அந்த அமைப்போட நம்பகத்தன்மை பத்தி நான் என்ன சொல்றது. அதுக்கு அடுத்த வருஷம் 'ஜன்வாணி'ன்னு ஒரு நிகழ்ச்சி வந்துச்சு, பொதுமக்கள் நேருக்கு நேர் மந்திரிகள கேள்வி கேக்கறது, வினோத் துவா நடத்தினார், மந்திரிகள் திணறுனதை ஊரே பாத்துச்சு, அது நீடிக்கல. ஆனா அங்க இருக்கற ஆளுங்களுக்குத் திறமை இல்லைன்னு யாராவது சொன்னா நான் அந்த நிகழ்ச்சியத்தான் காட்டுவேன், விட்டா செய்வாங்க, விடறதில்ல. அந்தப் பத்து வருஷத்தோட கடைசியில தூர்தர்ஷனுக்கு 'ராஜீவ் தர்ஷன்'னு பேரே வந்துடுச்சு.

அப்புறம் வி.பி.சிங் அரசு, தெலுங்கு தேசத்துக்காரர் உபேந்திரா அமைச்சர், தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்த பிரசார் பாரதின்னு ஒரு தன்னாட்சி நிறுவனத்தை அமைக்கற சட்டம் 1990ல பாஸ் ஆச்சு. ஆனா ஒரு சட்டம் அமலுக்கு வரணும்னா அரசு தேதி குறிச்சு அறிவிக்கணும், அந்த அறிவிப்பு வர்றதுக்கு 7 வருஷம் ஆச்சு. நரசிம்ம ராவ் அரசு அஞ்சு வருஷமும் அதைத் தொடவே இல்ல. நடுவுல 1995ல சுப்ரீம் கோர்ட் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்குல, வங்காள கிரிக்கெட் சங்கம் போட்ட கேஸ் அது, ரொம்ப தெளிவா சொல்லிட்டாங்க, அலைவரிசை பொதுச்சொத்து, அதை அரசாங்கம் மட்டும் வச்சுக்கறதும் தப்பு, பணம் இருக்கறவன் மட்டும் வச்சுக்கறதும் தப்புன்னு. 1997ல ஜெய்பால் ரெட்டி அமைச்சரா இருந்தப்பத்தான் சட்டம் உயிர் பெற்றுச்சு, எஸ்.எஸ்.கில் முதல் தலைமை நிர்வாகி ஆனார். 1998ல வாஜ்பாய் அரசு வந்ததும் வயசு வரம்பு காட்டி ஒரு அவசரச் சட்டம், கில் வெளிய. தன்னாட்சி கிடைச்சு ஒரு வருஷம் கூட முழுசா ஆகல.

இப்ப அந்த கயிறு எங்க இருக்குன்னு பாப்போம், இதுதான் பெரும்பாலானவங்க பேசாத பகுதி. சட்டத்தைப் படிச்சா அழகா இருக்கும், தலைவரையும் போர்டு உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்க துணை ஜனாதிபதி, பிரஸ் கவுன்சில் தலைவர், ஜனாதிபதி நியமிக்கற ஒருத்தர்னு மூணு பேர் கமிட்டி. அதுல ஒருத்தர் அரசோட ஆளு, மீதி ரெண்டு பேர் பதவிக்கு வர்றதுலயும் ஆளுங்கட்சி கை இருக்கும், அது ஒரு பக்கம். சட்டத்தோட 13வது பிரிவுல 22 எம்.பி.க்கள் கொண்ட நாடாளுமன்றக் குழு ஒண்ணு இருக்கு, பிரசார் பாரதி தன் கடமைய ஒழுங்கா செய்யுதான்னு கண்காணிச்சு நாடாளுமன்றத்துக்கு ரிப்போர்ட் கொடுக்கணும், எதிர்க்கட்சி எம்.பி.யும் அதுல இருப்பாங்க. அடுத்து ஒலிபரப்பு கவுன்சில்னு ஒண்ணு, நம்மள மாதிரி ஆளுங்க புகார் கொடுத்தா விசாரிக்கறதுக்கு. இந்த ரெண்டும் சட்டத்துல எழுதினதோட சரி, நடைமுறையில செயல்படவே இல்ல. அதாவது சட்டத்துல அரசுக்கு உத்தரவு போடற அதிகாரம் கொடுக்கற பிரிவு உயிரோட இருக்கு, அரசை விட்டுட்டு மக்களுக்கு பதில் சொல்ல வைக்கற பிரிவு மட்டும் தூங்குது. இதுல காங்கிரஸ், பாஜக, மூணாவது அணின்னு வித்தியாசமே கிடையாது.

அடுத்தது ஆளுங்க. தூர்தர்ஷன் நியூஸ், ஆகாசவாணி செய்திப் பிரிவு ரெண்டோட மேல்மட்டத்துலயும் இருக்கறவங்க பெரும்பாலும் இந்திய தகவல் பணி அதிகாரிங்க, ஐ.ஐ.எஸ்.னு சொல்வாங்க. இவங்களோட டிரான்ஸ்ஃபர், புரமோஷன், ரகசியக் குறிப்பு எல்லாத்துக்கும் கடைசிப் பிடி தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துகிட்ட. இன்னிக்கு செய்தி ஆசிரியரா இருக்கறவர் நாளைக்கு பத்திரிகைத் தகவல் அலுவலகத்துக்குப் போய் அதே அமைச்சரோட சாதனையை பிரஸ் ரிலீஸா எழுதணும், அடுத்த வருஷம் திரும்ப நியூஸ் ரூமுக்கு வரலாம். அவர் நல்லவரா கெட்டவராங்கறது இங்க பேச்சே இல்ல, நாளைக்கு யாருக்கு பிரஸ் ரிலீஸ் எழுதணுமோ அவரைப் பத்தி இன்னிக்கு எப்படி கேள்வி கேப்பார்? பழைய ஊழியர்களும் அப்படித்தான், 2012ல சட்டத்தைத் திருத்தி 2007 அக்டோபர் 5 அன்னிக்கு வேலையில இருந்த எல்லாரும் ரிட்டயர் ஆகற வரைக்கும் மத்திய அரசு ஊழியர்தான், பிரசார் பாரதிக்கு டெபுடேஷன்ல வந்த மாதிரின்னு ஆக்கிட்டாங்க. பென்ஷனுக்காக ஊழியர்கள் கேட்டதுதான் அது, அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், ஆனா விளைவு என்னன்னா 'தன்னாட்சி நிறுவனம்'னு போர்டு மாட்டியிருக்கற இடத்துல சர்க்கார் ஊழியர்தான் செய்தி எழுதறார். சொந்தமா ஆள் எடுக்க ஒரு ரெக்ரூட்மெண்ட் போர்டு 2020லதான் வந்துச்சு, நிறுவனம் ஆரம்பிச்சு 23 வருஷம் கழிச்சு.

மூணாவது பணம். முன்னாடி ரேடியோ வச்சிருந்தா வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல போய் லைசென்ஸ் கட்டணும், வீட்டுல பெரியவங்களைக் கேளுங்க, சின்ன புக் ஒண்ணு இருக்கும், ஸ்டாம்ப் ஒட்டி வச்சிருப்பாங்க. 1980களோட நடுவுல அதை ரத்து பண்ணிட்டாங்க. அதுக்கு அப்புறம் விளம்பர வருமானம் போக மீதி எல்லாம் வருஷா வருஷம் பட்ஜெட்ல அமைச்சகம் வழியா வர்ற பணம்தான், இப்ப 2,500 கோடி ரூபாய்க்கு மேல, பெரும்பகுதி சம்பளத்துக்கே போயிடும். 2018 தொடக்கத்துல அப்போதைய தலைவர் சூர்யபிரகாஷ், அவர் பாஜக அரசு நியமிச்சவர்தான், அமைச்சகம் சம்பளப் பணத்தை விடாம வச்சிருக்குன்னு வெளிப்படையாவே சொன்னார், அமைச்சகம் மறுத்துச்சு. தான் நியமிச்ச ஆளுகூட ஒத்துப் போகலன்னாலே பணக்குழாய்தான் சண்டைக்கு நடுவுல வருதுன்னா அந்தக் குழாயில கை யாரோடதுன்னு புரிஞ்சுக்கலாம்.

இப்படி ஒரு அமைப்புல என்ன நடக்கும்னு பாருங்க, நான் வேணும்னே ரெண்டு பக்கத்துல இருந்தும் எடுக்கறேன். 2014 ஏப்ரல், காங்கிரஸ் ஆட்சி, தேர்தல் நேரம், குஜராத் முதல்வரா இருந்த மோடியோட பேட்டி தூர்தர்ஷன்ல வந்துச்சு, அதுல சோனியாவோட உதவியாளர் அகமது படேல் பத்தியும் பிரியங்கா பத்தியும் பேசின பகுதிகள வெட்டிட்டாங்க. பாஜக கொந்தளிச்சது, அது நியாயமான கோபம்தான். அப்ப தலைமை நிர்வாகியா இருந்த ஜவஹர் சர்க்கார் போர்டுக்கு ஒரு கடிதம் எழுதி, நமக்கு உண்மையான தன்னாட்சி கிடைக்கவே இல்லைன்னு ஆதங்கப்பட்டார். அதே வருஷம் மே மாசம் ஆட்சி மாறுச்சு. அக்டோபர்ல விஜயதசமி அன்னிக்கு ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பகவத் நாக்பூர்ல பேசினதை தூர்தர்ஷன் முதல் தடவையா நேரலையா போட்டுச்சு. செய்தி மதிப்பு இருக்கு அதனால போட்டோம்னு விளக்கம். செய்தியா நாலு நிமிஷம் போட்டா யாரும் கேக்க மாட்டாங்க, முழுப் பேச்சை நேரலையா போடற கௌரவம் அதுக்கு முன்னாடி எந்த அமைப்போட தலைவருக்குக் கிடைச்சது, இனிமே எந்தெந்த அமைப்புக்குக் கிடைக்கும்னு ஒரு விதி இருக்கணும்ல, அந்த விதி இல்ல.

2017 சுதந்திர தினத்துக்கு திரிபுரா முதல்வர் மாணிக் சர்க்கார் ரெக்கார்டு பண்ணிக் கொடுத்த உரையை மாத்தி எழுதித் தந்தாத்தான் போடுவோம்னு சொன்னாங்க, அவர் ஒரு வார்த்தையும் மாத்த மாட்டேன்னுட்டார், போடல. ஜனங்க ஓட்டு போட்டு வந்த ஒரு முதல்வர் சொந்த மாநில மக்கள்கிட்ட பேசறதுக்கு டெல்லி அதிகாரி எடிட் பண்றதுங்கறது எனக்கு இன்னும் ஜீரணமாகல. 2024 மே மாசம் இன்னும் மோசம், தேர்தல் நேரத்துல எல்லா அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கும் இலவசமா பேச நேரம் கொடுப்பாங்கல்ல, அதுல மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் தலைவர் சீதாராம் யெச்சூரி பேச்சுல 'வகுப்புவாத சர்வாதிகார ஆட்சி', 'கொடூரமான சட்டங்கள்'ங்கற மாதிரி வார்த்தைகள எடுக்கச் சொன்னாங்க, ஃபார்வர்ட் பிளாக் கட்சியோட தேவராஜன் பேச்சுல 'முஸ்லிம்கள்'ங்கற சொல்லையே எடுக்கச் சொன்னாங்க. யெச்சூரியோட இந்திப் பேச்சு அதே ஆங்கிலப் பேச்சோட மொழிபெயர்ப்புதான், அதுல எந்தக் குறையும் சொல்லலன்னு அவரே சொன்னார். தேர்தல் கமிஷன் வழிகாட்டுதல் அப்படி இருக்குன்னு பிரசார் பாரதி தரப்புல பதில் வந்துச்சு. வழிகாட்டுதல் இருக்கறது உண்மைதான், மதத்தைத் தாக்கக் கூடாது, அவதூறு கூடாதுன்னு. ஆனா ஒரு எதிர்க்கட்சி ஆட்சிய 'சர்வாதிகாரம்'னு சொல்றது அவதூறுன்னா பிறகு அந்த ஸ்லாட் எதுக்கு?

நம்ம ஊருக்கும் இதுல நேரடி சம்பந்தம் இருக்கு. 2019 செப்டம்பர் கடைசியில பிரதமர் ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல பேசினதை பொதிகை ஒளிபரப்பலன்னு சொல்லி இங்க ஒரு உதவி இயக்குநரை சஸ்பெண்ட் பண்ணாங்க. 2020 கடைசியில எல்லா மாநில சேனலும் தினம் சமஸ்கிருத செய்தி போடணும்னு உத்தரவு வந்தப்ப இங்க எதிர்ப்பு கிளம்புச்சு, ஆனா அந்த முடிவு எடுக்கறதுல சென்னை நிலையத்துக்கு என்ன பங்கு இருந்துச்சு? ஒண்ணுமில்ல. 2024 ஜனவரியில பொதிகைங்கற பேர் டிடி தமிழ் ஆச்சு. அந்த அக்டோபர்ல சென்னை தூர்தர்ஷன் பொன்விழாவும் இந்தி மாத நிறைவு விழாவும் ஒண்ணா வச்சு, ஆளுநர் கலந்துகிட்ட மேடையில தமிழ்த்தாய் வாழ்த்துல திராவிடம்னு வர்ற வரியே விட்டுப் போச்சு, முதல்வர் ஸ்டாலின் ஆளுநரையே திரும்பப் பெறணும்னார், டிடி தமிழ் கவனக்குறைவுன்னு மன்னிப்பு கேட்டுச்சு. கவனக்குறைவாவே இருக்கட்டும், நான் சந்தேகத்தோட பலனை பாடினவங்களுக்குக் கொடுப்பேன். ஆனா நம்பிக்கை ஏற்கனவே தேஞ்சு போன ஒரு நிறுவனத்துல ஒரு தவறு நடந்தா அதை தவறுன்னு யாரும் நம்ப மாட்டாங்க, சார்போட உண்மையான விலை இதுதான்.

ஒரு விஷயத்துல மட்டும் பொதுவா எல்லாரும் போட்ட சத்தத்தோட நான் ஒத்துப் போகல. 2024 ஏப்ரல்ல டிடி நியூஸ் லோகோ சிவப்புல இருந்து காவி நிறமா மாறினப்ப ஊரெல்லாம் பேச்சு. நிறம் கண்ணுக்குத் தெரியுது அதனால பேசறோம். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2023 பிப்ரவரியில, பிரசார் பாரதி தன்னோட நியூஸ் ஏஜென்சியா ஹிந்துஸ்தான் சமாச்சாரோட ஒப்பந்தம் போட்டுச்சு, ரெண்டு வருஷத்துக்கு சுமார் 7.7 கோடி ரூபாய், தினம் குறைஞ்சது 100 செய்தி. அது சங்க பரிவார் பின்னணி உள்ள ஏஜென்சி. அதுக்கு முன்னாடி 2020லயே பி.டி.ஐ., யு.என்.ஐ.ங்கற ரெண்டு பெரிய நியூஸ் ஏஜென்சியோட சந்தாவையும் நிறுத்திட்டாங்க. தினம் நியூஸ் டெஸ்க்குக்கு வந்து விழற மூலச் செய்தியே ஒரு பக்கத்துல இருந்து வந்தா, உள்ள உக்காந்திருக்கற ஆசிரியர் எவ்வளவு நேர்மையா இருந்தாலும் அவர் கையில இருக்கற அரிசிதான் சோறாகும். லோகோவை ஒரே நாள்ல மாத்திடலாம், இதை மாத்தறது கஷ்டம், ஆனா இதைப் பத்தி பேசினவங்க கொஞ்சம் பேர்தான்.

சரி, நியாயம்னா என்ன? எல்லாருக்கும் சம நிமிஷம் கொடுத்தா போதுமா? போதாது. 2023 ஆகஸ்ட்ல நம்பிக்கையில்லாத் தீர்மானத்துல ராகுல் காந்தி 37 நிமிஷம் பேசினார், ஆனா நாடாளுமன்றத்தோட சேனலான சன்சத் டிவி கேமரா அவரைக் காட்டுனது 14 நிமிஷம் 37 வினாடிதான், மீதி நேரம் பெரும்பாலும் சபாநாயகர் முகம்னு காங்கிரஸோட ஜெய்ராம் ரமேஷ் கணக்குப் போட்டு சொன்னார். நேரம் கொடுத்தாச்சு, குரலும் வந்துச்சு, முகம் மட்டும் இல்ல. இங்க சட்டசபையிலயும் எதிர்க்கட்சித் தலைவர் பேசறப்ப நேரலை கட் ஆகுதுன்னு திமுக ஆட்சியில அதிமுக திரும்பத் திரும்ப புகார் சொல்லியிருக்காங்க, முழு நேரலை கேட்டு கோர்ட்டுக்கும் போனாங்க. டெல்லியில நடக்கறதைக் கண்டிக்கற நம்மாளுங்க கோட்டையில நடக்கறதையும் அதே குரல்ல கேக்கணும், கேமரா ஓட்டறவருக்கு சம்பளம் ரெண்டு இடத்துலயும் மக்கள் பணம்தான்.

அதே சமயம் சமநிலைங்கற பேர்ல உண்மைக்கும் பொய்க்கும் பாதிப் பாதி கொடுக்கறதும் நியாயம் கிடையாது. பிபிசி பருவநிலை மாற்ற விஷயத்துல ரொம்ப வருஷம் இந்தத் தப்பைப் பண்ணுச்சு, ஒரு விஞ்ஞானி வந்தா பக்கத்துலயே அதை மறுக்கற அரசியல்வாதி ஒருத்தரை உக்கார வைக்கறது. 2018ல அவங்களே தங்கள் செய்தியாளர்களுக்கு எழுதிக் கொடுத்தாங்க, சமநிலைக்காக மறுப்பாளர் ஒருத்தரைத் தேடிக் கூப்பிட வேண்டியதில்லைன்னு. அதனால நான் பாக்கற சோதனை வேற: ஒரு செய்திய எடுத்துக்கோங்க, அதுல கட்சிப் பேரை மட்டும் மாத்திப் போடுங்க. ஒரு மாநிலத்துல பாலம் இடிஞ்சா, ஒரு மந்திரி மேல ரெய்டு வந்தா, ஒரு விவசாயிகள் ஊர்வலம் நடந்தா, அங்க ஆள்றது வேற கட்சியா இருந்தா இதே இடத்துல, இதே நீளத்துல, இதே வார்த்தையில இந்தச் செய்தி வந்திருக்குமா? வந்திருக்கும்னா அது நேர்மை. ஒரு வாரம் ராத்திரி செய்திய இந்த மாதிரி பாருங்க, உங்களுக்கே தெரியும்.

பிபிசி மாதிரி ஆக்கலாமான்னா, பிபிசிய கோயில் மாதிரி கும்பிட வேண்டாம். அங்கயும் சேர்மனை நியமிக்கறது அரசுதான், 2023ல ரிச்சர்ட் ஷார்ப் போரிஸ் ஜான்சனோட 8 லட்சம் பவுண்ட் கடன் விவகாரத்துல சம்பந்தப்பட்டதை சரியா வெளிய சொல்லலன்னு பதவி விலகினார். 2025 நவம்பர்ல டிரம்ப் பேச்சை தப்பா வெட்டி ஒட்டுன விவகாரத்துல டைரக்டர் ஜெனரல் டிம் டேவியே ராஜினாமாவ அறிவிச்சார். ஆனா ஒரு வித்தியாசம் என்னை எப்பவும் யோசிக்க வைக்கும். 2012 நவம்பர்ல அப்போதைய டைரக்டர் ஜெனரல் ஜார்ஜ் என்ட்விசில பிபிசியோட சொந்த காலை ரேடியோ நிகழ்ச்சியில ஜான் ஹம்ப்ரிஸ் கூப்பிட்டு உக்கார வச்சு துருவித் துருவி கேட்டார், அன்னிக்கு ராத்திரியே அவர் ராஜினாமா. கேள்வி கேட்டவர் வேலை போகல. நம்ம நியூஸ் ரூம்ல ஒருத்தர் தன் நிறுவனத் தலைவரை நேரலையில அப்படிக் கேட்டுட்டு அடுத்த நாள் அதே சீட்டுக்கு வர முடியுமா?

உண்மையில நாம பாத்துப் படிக்க வேண்டியது ஜெர்மனின்னு நான் நினைக்கறேன். ஹிட்லர் கையில ரேடியோ என்ன பண்ணுச்சுன்னு பட்டுத் தெரிஞ்சவங்க. 2009ல ஸெட்.டி.எஃப்.ங்கற பொது டிவியோட தலைமை ஆசிரியர் நிகோலஸ் பிரெண்டருக்கு அரசியல்வாதிகள் சேந்து பதவி நீட்டிப்பு கிடைக்காம பண்ணிட்டாங்க. விஷயம் அரசியல் சட்ட கோர்ட்டுக்குப் போச்சு, 2014 மார்ச்ல தீர்ப்பு, மேற்பார்வைக் குழுவுல அரசு சார்ந்த ஆளுங்க மூணுல ஒரு பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்னு. பணமும் அப்படித்தான், வீட்டுக்கு மாசம் எவ்வளவு கட்டணம்னு ஒரு தனி நிபுணர் குழு கணக்குப் போடும். 2020 கடைசியில ஒரு மாநிலம் அந்த உயர்வைத் தடுத்தப்ப, அடுத்த வருஷமே கோர்ட் தலையிட்டு 18.36 யூரோவை அமலுக்குக் கொண்டு வந்துச்சு. அமெரிக்கா இதுக்கு நேர் எதிர் உதாரணம், அங்க அரசியல் தலையீடு வரக் கூடாதுன்னு பொது ரேடியோ, டிவிக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கற பழக்கம் வச்சிருந்தாங்க, 2025 ஜூலையில அந்த நாட்டு நாடாளுமன்றம் அந்த ஒதுக்கின 110 கோடி டாலரையும் திரும்ப எடுத்துகிச்சு, சின்ன ஊர் ரேடியோ நிலையங்கள்தான் முதல்ல அடி வாங்குது. பழக்கம் மட்டும் போதாது, கோர்ட்ல நிக்கற மாதிரி எழுதி வைக்கணும்.

கடைசியா, மூடிடலாமாங்கற கேள்வி. கோபம் புரியுது, ஆனா நான் கண்டிப்பா வேண்டாம்னு சொல்வேன். தமிழ்நாட்டுல டிவியப் போட்டா எந்த சேனல் எந்தக் கட்சியோடதுன்னு சின்னப் பசங்களுக்குக் கூட தெரியும், எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாம இருக்க சட்டப்படி கடமைப்பட்டது இது ஒண்ணுதான். மாசக் கட்டணம் கட்ட முடியாத வீடுகள்ல டிடி ஃப்ரீ டிஷ்தான் ஓடுது, நாடு முழுக்க 4 கோடி வீட்டுக்கு மேலன்னு மதிப்பீடு. ரேடியோவுல இன்னும் தீவிரம், நம்ம நாட்டுல தனியார் எஃப்.எம். சொந்தமா செய்தி தயாரிச்சு வாசிக்க இன்னிக்கும் அனுமதி கிடையாது, ஆகாசவாணி செய்திய மாத்தாம அப்படியே போட்டுக்கலாம், அவ்வளவுதான். அதாவது ரேடியோ செய்தியில அரசுக்கு ஏகபோகம். புயல் வந்து கரண்ட் போய், டவர் சாஞ்சு, போன் செத்துப் போற ராத்திரியில கடலோரத்துல ஒரு பேட்டரி ரேடியோதான் மிச்சம். அதுல வர்ற குரலை ஜனங்க நம்பணும், தேர்தல் நேரத்துல பொய்யாவும் புயல் நேரத்துல உண்மையாவும் ஒரே குரலை யாராலயும் நம்ப முடியாது.

என்ன செய்யணும்னா, புது கமிட்டி எதுவும் வேண்டாம், வர்கீஸ் ரிப்போர்ட்ல இருந்து 2014ல சாம் பிட்ரோடா கமிட்டி வரைக்கும் எழுதினதே அலமாரி நிறைய இருக்கு. ஏற்கனவே சட்டத்துல இருக்கற 13வது பிரிவு குழுவை அமைக்கணும், அதுக்கு புதுச் சட்டமே தேவையில்ல. செய்தி ஆசிரியர்களோட டிரான்ஸ்ஃபரும் புரமோஷனும் அமைச்சகத்துகிட்ட இருந்து பிரசார் பாரதிக்கு முழுசா வரணும், பணத்தை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை தனி ஆணையம் முடிவு பண்ணணும். ஒவ்வொரு மாசமும் எந்தக் கட்சிக்கு எத்தனை நிமிஷம், எத்தனாவது செய்தியா வந்துச்சுங்கற கணக்கை வெளியிடணும், ரேடியோவுல வரி எண்ணி ஷா கமிஷன் அப்பவே காட்டியாச்சு, கம்ப்யூட்டர் இருக்கற காலத்துல இது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. சென்னை நிலையத்துல என்ன மொழியில எத்தனை மணிக்கு என்ன போடறதுன்னு சென்னையில முடிவாகணும். இதுல நம்மால இப்பவே செய்ய முடியறதுன்னா, தமிழ்நாட்டுல இருந்து போன 39 லோக்சபா எம்.பி.ல உங்க தொகுதிக்காரர் யாரோ அவருக்கு ஒரு கடிதம் எழுதி, 13வது பிரிவு நாடாளுமன்றக் குழு ஏன் இன்னும் அமைக்கலன்னு அவையில எழுத்துப்பூர்வ கேள்வியா கேக்கச் சொல்லுங்க, அந்தக் கேள்விய அவையில ஏத்துகிட்டா அமைச்சகம் எழுத்துல பதில் சொல்லியே ஆகணும்.